ஜப்பான் 1.15, கொரியா 0.75: எந்த இடத்தில் அறுந்தது?

ஜப்பானிலும் தென் கொரியாவிலும் குழந்தைப் பிறப்பு குறைவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பதில். கீழே கொரியா என்று வரும் இடமெல்லாம் தென் கொரியாதான்.

கே: ஜப்பானின் 2024 பிறப்பு விகிதம் ஒரு செய்தியில் 5.7, இன்னொரு செய்தியில் 1.15. எது பொய்? (வாசகர், நாகர்கோவில்)

ப: இரண்டும் மெய்தான். அளக்கிற கோல் வேறு. 5.7 என்பது மக்கள்தொகையில் ஆயிரம் பேருக்கு அந்த ஆண்டில் எத்தனை குழந்தை பிறந்தது என்ற கணக்கு. பிறப்பு விகிதம் என்று சொல்ல வேண்டியது இதைத்தான். 1.15 என்பது மொத்த கருவுறுதல் விகிதம். அந்த ஓர் ஆண்டின் நிலவரமே நீடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு பெண் 15 வயதிலிருந்து 49 வயது வரைக்குள் சராசரியாக எத்தனை குழந்தை பெறுவாள் என்பதை அது சொல்கிறது.

இதை வீட்டில் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். பெண்களை ஐந்தைந்து வயதாக ஏழு பிரிவாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் ஆயிரம் பெண்களுக்கு அந்த ஆண்டில் எத்தனை குழந்தை என்று எழுதுங்கள். உதாரணத்துக்காக நாமே போட்ட முழு எண்கள் இவை: 15–19 வயதில் 1, 20–24 வயதில் 15, 25–29 வயதில் 65, 30–34 வயதில் 90, 35–39 வயதில் 50, 40–44 வயதில் 10, கடைசிப் பிரிவில் 0. கூட்டினால் 231. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு பெண் ஐந்து வருடம் இருப்பதால் ஐந்தால் பெருக்க வேண்டும்: 1155. ஆயிரத்தால் வகுத்தால் 1.155. இந்த ஐந்தால் பெருக்குவதை மறந்துவிட்டு 0.23 என்று விடை கொண்டுவந்து பதறுவது புதிதாகக் கணக்குப் போடுகிறவர்கள் பலரும் செய்யும் பிழை.

நாடுகளை ஒப்பிட 5.7 போன்ற முதல் எண்ணை நம்பக் கூடாது. ஜப்பானில் முதியவர்கள் அதிகம். வகுக்கும் எண்ணில் தாத்தா பாட்டிகளும் நிற்பதால், இளம் பெண்கள் எத்தனை பெற்றாலும் ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கு தாழ்ந்தே தெரியும். இரண்டாவது எண்ணில் அந்தத் தொல்லை இல்லை.

ஜப்பான் எண்ணில் இன்னொரு கண்ணி உண்டு. 2025 பிப்ரவரியில் 2024-இன் பிறப்பு சுமார் 7.21 லட்சம் என்று வந்தது. ஜூனில் 6.86 லட்சம் என்று வந்தது. நான்கு மாதத்தில் குழந்தைகள் காணாமல் போகவில்லை. முதல் எண்ணில் ஜப்பானில் வாழும் வெளிநாட்டவரின் குழந்தைகளும் வெளிநாட்டில் பிறந்த ஜப்பானியக் குழந்தைகளும் உண்டு. இரண்டாவது, ஜப்பானில் பிறந்த ஜப்பானியர் மட்டும். போன வருடத்து ஜூன் எண்ணை இந்த வருடத்துப் பிப்ரவரி எண்ணோடு வைத்துப் பார்த்தால், பிறப்பு கூடியது போலக்கூடத் தோன்றிவிடும்.

கே: அப்பா ஒன்று, அம்மா ஒன்று. இரண்டு குழந்தை போதாதா? தலைமுறை குறையாமல் நிலைக்கத் தேவை என்கிற அந்த 2.1-இல் உள்ள .1 யாருக்கு? (வாசகர், தஞ்சாவூர்)

ப: அது ஆண் குழந்தைகளுக்கு. இயற்கையாகவே 100 பெண் குழந்தைக்குச் சுமார் 105 ஆண் குழந்தை பிறக்கும். அடுத்த தலைமுறைக்கு 100 அம்மாக்கள் வேண்டுமானால் 205 பிரசவம் ஆக வேண்டும். பிள்ளை பெறும் வயதுக்கு முன் இறந்துபோகும் சில பெண்களையும் சேர்த்தால், மருத்துவ வசதி நன்றாக உள்ள நாடுகளில் 2.07 அளவுக்கு வரும். 2.1 என்பது அதைச் சுற்று எண்ணாக்கியது.

கொரியாவில் 1990-இல் 100 பெண் குழந்தைக்கு 116.5 ஆண் குழந்தை பிறந்தது. ஸ்கேனில் பெண் என்று தெரிந்து கலைத்ததன் விளைவு. அந்த விகிதத்தில் போனால் 100 அம்மாக்களுக்குச் சுமார் 217 பிரசவம் தேவை, அதாவது 2.17. மகன் வேண்டும் என்ற ஆசை, தலைமுறை நிலைக்கத் தேவையான எண்ணையே உயர்த்திவிடும். அன்று பிறக்காத பெண்கள் இன்று அம்மாக்களாக இல்லை என்பது அதன் வட்டி. இப்போது கொரியாவில் அந்த விகிதம் சுமார் 105-க்குத் திரும்பிவிட்டது.

கே: இரண்டு நாடுகளிலும் சரிவு எப்போது தொடங்கியது? யார் முதலில் விழுந்தார்கள்? (கல்லூரி மாணவி, கோவை)

ப: ஜப்பான் முதலில் இறங்கியது. கொரியா பின்னால் வந்து, ஆழத்தில் முந்திக்கொண்டது.

போர் முடிந்து 1947 முதல் 1949 வரை ஜப்பானில் பிறப்பு பெருகியது. 1949-இல் மட்டும் சுமார் 27 லட்சம். 1948-இல் வந்த சட்டம் கருக்கலைப்புக்கு வழி திறந்தது. அடுத்த ஆண்டே பொருளாதாரக் காரணத்துக்காகவும் கலைக்கலாம் என்று அதைத் திருத்தினார்கள். 1947-இல் 4.54 ஆக இருந்த கருவுறுதல் விகிதம் 1957-இல் 2.04. பத்தே ஆண்டில் பாதிக்கும் கீழே. பிறகு கிட்டத்தட்ட இரண்டிலேயே நின்று, 1974-இலிருந்து மெல்ல மெல்ல இறங்கியது. 2005-இல் 1.26 வரை போய், 2015-இல் 1.45 வரை ஏறி, மறுபடி சரிந்து 2024-இல் 1.15.

கொரியாவில் 1960-இல் ஒரு பெண்ணுக்கு ஆறு குழந்தை. 1962-இல் தொடங்கிய ஐந்தாண்டுத் திட்டத்திலேயே குடும்பக் கட்டுப்பாட்டையும் சேர்த்தார்கள். 'மகனோ மகளோ பேதம் வேண்டாம், இரண்டே பெற்று நன்றாக வளர்ப்போம்' என்பது 1970-களின் சுவரொட்டி வாசகம். 1983-இல் விகிதம் 2.06 ஆனது. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். பிறப்பைக் குறைக்கும் கொள்கையைக் கைவிட்டதோ 1996-இல். வண்டி பள்ளத்தில் இறங்கத் தொடங்கிய பிறகும் 13 வருடம் ஆக்சிலரேட்டரை மிதித்தார்கள்.

அடுத்து விழுந்தது பொருளாதார அடி. 1997 நிதி நெருக்கடிக்குப் பின் கொரியாவின் பிறப்பு எண்ணிக்கை 2000-இல் 6.4 லட்சத்திலிருந்து 2002-இல் 5 லட்சத்துக்கும் கீழே வந்தது, விகிதம் 1.18. ஜப்பானுக்கும் இதே போன்ற அடி சற்று முன்பே விழுந்திருந்தது. 1971–74-இன் இரண்டாவது பிறப்பு அலையில் பிறந்த பெரிய கூட்டம் வேலைக்கு வந்த சமயம் நிலம், பங்குச் சந்தைக் குமிழி வெடித்துப் போயிருந்தது. நிரந்தர வேலை கிடைக்காமல் ஒப்பந்த வேலையில் சிக்கிய அவர்களை 'வேலைவாய்ப்புப் பனிக்காலத் தலைமுறை' என்று அங்கே சொல்கிறார்கள். 2000-ஐ ஒட்டி அவர்களால் மூன்றாவது பிறப்பு அலை எழும்பும் என்று எதிர்பார்த்தார்கள். அலை வரவே இல்லை. ஜப்பான் கதையில் திரும்ப முடியாத இடம் அதுதான் என்பது நம் கணிப்பு.

கே: 1966-இல் ஜப்பானில் ஒரே ஆண்டில் பிறப்பு திடீரென விழுந்து எழுந்ததாமே? பஞ்சமா, போரா? (வாசகர், சேலம்)

ப: ஜாதகம். அவர்களுடைய அறுபதாண்டுச் சுற்றில் 'நெருப்புக் குதிரை' ஆண்டு ஒன்று வரும். அதில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்று நம்பிக்கை. மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது என்று நம் பக்கம் சொல்வதில்லையா, அதன் சகோதரி. 1965-இல் 18.2 லட்சம், 1966-இல் 13.6 லட்சம், 1967-இல் 19.4 லட்சம். கருவுறுதல் விகிதம் அந்த ஓராண்டில் 1.58.

வேடிக்கைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தப் பெண்கள் பிள்ளை வேண்டாம் என்று முடிவு செய்யவில்லை. ஒரு வருடம் முன்னோ பின்னோ தள்ளிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த ஆண்டின் எண்ணை மட்டும் பார்த்தவருக்கு நாடே மலடானது போலத் தெரிந்திருக்கும். கருவுறுதல் விகிதம் ஓர் ஆண்டுப் புகைப்படம் என்பதால் பேறு தள்ளிப்போனாலும் அது விழும், ஒரேயடியாகக் குறைந்தாலும் விழும். எது நடக்கிறது என்று அந்த எண் மட்டும் சொல்லாது. பேற்றை முடித்த வயதுப் பெண்கள் மொத்தத்தில் எத்தனை பெற்றார்கள் என்று பிற்பாடு எண்ணினால்தான் தெரியும்.

1989-இல் எந்த ஜாதகத் தடையும் இல்லாமலே விகிதம் 1.57-க்கு இறங்கியது. '1.57 அதிர்ச்சி' என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். ஜப்பான் அரசு விழித்துக்கொண்டது அப்போதுதான். அடுத்த நெருப்புக் குதிரை 2026.

கே: கொரியா பணக்கார நாடு, சம்பளமும் குறைவில்லை. ஜப்பானைவிட இவ்வளவு கீழே போனது ஏன்? (வாசகர், திருச்சி)

ப: கல்யாணம், முதல் குழந்தை, இரண்டாவது குழந்தை என்று ஒரு சங்கிலி. எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று இரண்டு நாட்டிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஜப்பானில் முக்கியமாக அறுந்தது முதல் கண்ணி. 50 வயதாகியும் கல்யாணமே ஆகாதவர்கள் 1970-இல் ஆண்களில் 1.7%, பெண்களில் 3.3%. 2020-இல் ஆண்களில் 28%, பெண்களில் 18%. கல்யாணமாகிச் சேர்ந்து வாழ்கிற தம்பதிகளோ இன்றைக்கும் கிட்டத்தட்ட இரண்டு பெறுகிறார்கள். 2021 கணக்கெடுப்பில் 15 முதல் 19 ஆண்டு ஒன்றாக வாழ்ந்த தம்பதிகளின் சராசரி 1.90. இரண்டு நாட்டிலும் கல்யாணத்துக்கு வெளியே பிள்ளை பெறுவது அரிது. ஜப்பானில் நூற்றுக்குச் சுமார் 2, கொரியாவில் 2024-இல் 5.8. பிரான்சில் பாதிக்கு மேல். ஆகவே இந்த இரண்டு ஊரிலும் கல்யாணம் குறைந்தால் தொட்டில் தானாகக் குறையும்.

கொரியாவில் முதல் கண்ணி அறுந்ததோடு மூன்றாவதும் தேய்ந்துவிட்டது. 2023-இல் பிறந்த பத்தில் ஆறு குழந்தைகள் அந்த வீட்டின் முதல் குழந்தை. ஜப்பானில் அது பாதிக்கும் குறைவு. ஒன்றோடு நிறுத்துகிறார்கள் என்று இதற்கு அர்த்தம். வயதும் தள்ளிப்போகிறது. முதல் பிரசவத்தின் சராசரி வயது கொரியாவில் 33, ஜப்பானில் 31. 2023-இல் கொரியாவில் 35–39 வயதுப் பெண்கள் ஆயிரத்துக்கு 43 பெற்றார்கள், 25–29 வயதினர் ஆயிரத்துக்கு 21 மட்டும். முதல் பிள்ளையே 33-இல் என்றால் இரண்டாவதுக்கு உடம்பும் காலமும் இடம் கொடுப்பது குறைவு.

ஏன் ஒன்றோடு நிற்கிறார்கள் என்றால் 'ஹாக்வோன்' என்ற டியூஷன் சென்டர்களைப் பார்க்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளில் கிட்டத்தட்ட நூற்றுக்கு 80 பேர் ஏதோ ஒரு தனிப்பயிற்சிக்குப் போகிறார்கள். 2024-இல் இதற்கான குடும்பச் செலவு 29.2 லட்சம் கோடி வோன். மாணவர் எண்ணிக்கை குறைந்த அதே ஆண்டில் செலவு கூடியது. தலைநகர் சோலில் இரவு 10 மணிக்கு மேல் நடத்தக் கூடாது என்று விதி போட வேண்டிய அளவுக்குப் போட்டி. இரண்டு பிள்ளைக்கு இந்தச் செலவைப் பங்கிடுவதைவிட ஒன்றுக்கே முழுதாகக் கொட்டலாம் என்பது பெற்றோர் கணக்கு.

அத்தோடு இடம். கொரிய மக்களில் பாதிப்பேர் தலைநகரையும் அதைச் சுற்றியும் வாழ்கிறார்கள். 2023-இல் டோக்கியோவின் விகிதம் 0.99, சோலின் விகிதம் 0.55. எங்கே வேலை இருக்கிறதோ அங்கே வீடு எட்டாத விலை. ஆண்-பெண் சம்பள வித்தியாசமும் வளர்ந்த நாடுகளில் கொரியாவில்தான் மிக அதிகம், சுமார் 30%. ஜப்பானில் அது 20 சொச்சம். பிள்ளைக்காக யார் வேலையை விடுவது என்ற பேச்சு வரும்போது அந்த வித்தியாசமே பதில் சொல்லிவிடும். அந்தப் பதிலை முன்கூட்டியே தெரிந்துகொண்ட பெண் கல்யாணத்தையே தள்ளிப்போடுகிறாள். அவளைச் சுயநலக்காரி என்று எழுதும் தலையங்கங்கள் நம் பார்வையில் கணக்குத் தெரியாதவர்கள் எழுதுவது.

கே: அரசு பணத்தைக் கொட்டியும் பலன் இல்லை என்கிறார்களே? (வாசகர், வேலூர்)

ப: எவ்வளவு, யாருக்கு என்று பிரித்துப் பார்ப்போம். ஜப்பானில் 2024 அக்டோபர் முதல் மாத உதவித்தொகை மூன்று வயது வரை 15,000 யென், அதன்பின் மேல்நிலைப் பள்ளி வயது வரை 10,000 யென். மூன்றாவது குழந்தை முதல் 30,000. வருமான உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். பிரசவத்துக்கு ஒரே தொகையாக 5 லட்சம் யென் 2023 ஏப்ரல் முதல். கொரியாவில் 2024 முதல் ஒரு வயதுக்குள் மாதம் 10 லட்சம் வோன், அடுத்த வயதில் 5 லட்சம். பிறந்தவுடன் கொடுக்கும் வவுச்சர் முதல் குழந்தைக்கு 20 லட்சம், இரண்டாவது முதல் 30 லட்சம் வோன்.

இதெல்லாம் குழந்தை பிறந்த பிறகு கிடைப்பவை. அறுந்த கண்ணியோ கல்யாணத்துக்கு முன்னால். ஜப்பானில் இதைப் பளிச்சென்று காட்டுவது குழந்தைகள் காப்பகக் கணக்கு. இடம் கிடைக்காமல் காத்திருந்த குழந்தைகள் 2017-இல் 26,081, 2024-இல் 2,567. வரிசை பத்தில் ஒன்றானது. குழந்தைகளே குறைந்ததும் அதற்கு ஒரு காரணம். ஆனால் விகிதம் 1.43-இலிருந்து 1.15-க்கு விழுந்தது. காப்பகம் வேலைக்குப் போகும் தாய்க்கு நல்லது, கட்டாயம் வேண்டும். ஒப்பந்தச் சம்பளத்தில் கல்யாணம் நினைக்க முடியாத இளைஞனுக்கு அதனால் என்ன?

கொரியாவில் திட்டத்தின் உள்விவரம் சொதப்பியது. குழந்தை பராமரிப்பு விடுப்புச் சம்பளத்தில் கால் பங்கைப் பிடித்து வைத்து, வேலைக்குத் திரும்பி ஆறு மாதம் கழித்தே கொடுத்தார்கள். உச்சவரம்பும் மாதம் 15 லட்சம் வோன்தான். நல்ல சம்பளக்காரக் கணவன் விடுப்பு எடுத்தால் வீட்டு வருமானம் பாதியாகும், ஆகவே மனைவியே எடுத்தாள். 2025 ஜனவரியில் இந்தப் பிடித்தத்தை நீக்கி, முதல் மூன்று மாத உச்சவரம்பை 25 லட்சமாக்கினார்கள். பணம் வருவது வேலைவாய்ப்புக் காப்பீட்டிலிருந்து என்பதால் அதில் சேராத சுயதொழில்காரர்கள் வெளியேதான் நிற்கிறார்கள்.

2006 முதல் 2021 வரை 280 லட்சம் கோடி வோன் செலவு என்று ஒரு பெரிய எண் சுற்றுகிறது. குழந்தைக்கு நேரடித் தொடர்பில்லாத வீட்டுக்கடன் போன்ற இனங்களையும் அதில் கூட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கடனைத் திருப்பிக் கட்டித்தான் ஆக வேண்டும், அது மானியம் அல்ல. இன்னொரு கூத்து: கடனுக்கான வருமான வரம்பு தனி ஆளுக்கும் தம்பதிக்கும் அதிகம் வித்தியாசமில்லாமல் இருந்ததால், கல்யாணத்தைப் பதிவு செய்தால் தகுதி போய்விடும் என்று பதிவையே தள்ளிப்போட்டார்கள். கொரியாவில் இதைக் 'கல்யாண அபராதம்' என்றே சொல்கிறார்கள்.

கே: ஜப்பானில் நாகி என்ற ஊரில் 2.95-ஆம். அதைப் பின்பற்றினால் போதாதா? (வாசகர், காரைக்குடி)

ப: ஒகாயாமா மாகாணத்துச் சிற்றூர். ஆறாயிரத்துக்குக் குறைவான ஜனம், 2019-இன் எண் அது. மருத்துவம், காப்பகம், வீடு என்று நல்ல சலுகைகள் தருகிறார்கள், பாராட்டலாம். ஆனால் வருடத்துக்குச் சில டஜன் பிரசவம் நடக்கும் ஊரில் பத்துக் குழந்தை கூடினாலே விகிதம் துள்ளும். பிள்ளை பெற நினைக்கும் குடும்பங்கள் சலுகைக்காகக் குடியேறியதும் கணக்கில் சேரும். அந்தக் குழந்தைகளில் சிலர் பக்கத்து ஊரில் பிறந்திருக்க வேண்டியவர்கள்.

கே: அப்பாக்கள் விடுப்பு எடுத்தால் பிறப்பு கூடுமா? (இல்லத்தரசி, ஈரோடு)

ப: ஜப்பானில் விடுப்பு எடுக்கும் அப்பாக்கள் 2022-இல் 17%, 2023-இல் 30%, 2024-இல் 40%. அதே மூன்று ஆண்டில் விகிதம் 1.26, 1.20, 1.15. விடுப்பால் பிறப்பு குறைந்தது என்று யாரும் வாதாட வேண்டாம். எத்தனை நாள் என்று கேளுங்கள். 2023-இல் எடுத்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிட்டார்கள். தொப்புள்கொடி விழும் வரைதான் அப்பா.

கே: 2024-இல் கொரியாவின் விகிதம் 0.72-இலிருந்து 0.75-க்கு ஏறியதே. திருப்பமா? (வாசகர், புதுச்சேரி)

ப: பாதி திருப்பம், பாதி வயதுக் கணக்கு. 1991 முதல் 1995 வரை ஆண்டுக்கு 7 லட்சத்துக்கு மேல் பிறந்தவர்கள் இப்போது முப்பதுகளின் முதல் பாதியில் இருக்கிறார்கள். பெற வேண்டிய வயதில் ஆள் அதிகம், அதனால் பிறப்பு எண்ணிக்கை கூடுகிறது; விகிதத்தை அது மட்டும் ஏற்றாது. கொரோனாவால் தள்ளிப்போன கல்யாணங்களும் சேர்ந்துகொண்டன. 2024-இல் 2.22 லட்சம் கல்யாணம், முந்தைய ஆண்டைவிட 14.8% அதிகம். கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் இடையே ஓரிரு ஆண்டு இருப்பதால் இதன் பலன் இன்னும் கொஞ்ச காலம் தெரியும். 2000-க்குப் பிறகு பிறந்த சின்னக் கூட்டம் முப்பதைத் தொடும்போதும் விகிதம் ஏறினால் திருப்பம் என்று ஒத்துக்கொள்ளலாம்.

கே: தமிழ்நாட்டுக்கு 1.4 என்கிறார்கள், 1.8 என்கிறார்கள். நாமும் ஜப்பான் வழியில் போகிறோமா? (ஆசிரியர், விருதுநகர்)

ப: 1.4 என்பது 2020-க்கான மாதிரிப் பதிவு முறையின் எண். தேர்ந்தெடுத்த பகுதிகளில் பிறப்பு இறப்புகளைத் தொடர்ந்து பதிந்து, அரையாண்டுக்கு ஒருமுறை சரிபார்ப்பது அதன் வழி. 1.8 என்பது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின் எண். பெண்களிடம் பிள்ளைப்பேறு விவரம் கேட்டு, ஆய்வுக்கு முந்தைய மூன்று ஆண்டுக்கான சராசரி எடுப்பார்கள். ஒன்றின் பழைய எண்ணை மற்றொன்றின் புதிய எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

1.4 என்பது ஜப்பான் 2018-இல் நின்ற இடம். வந்த பாதை வேறு. அங்கே கல்யாணம் நின்றது. இங்கே அநேகமாக எல்லோருக்கும் கல்யாணமாகி, இருபதுகளிலேயே ஒன்றோ இரண்டோ பெற்று நிறுத்திவிடுகிறார்கள். கல்யாணமான பெண்களில் பாதிக்கு மேல் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். தள்ளிப்போட்டதைப் பின்னால் ஈடுகட்டும் வாய்ப்பு ஜப்பானில் கொஞ்சம் உண்டு. அறுவை செய்துகொண்ட பெண்ணிடம் அது இல்லை.

கே: வெளிநாட்டவரைக் குடியேற்றினால் தீராதா? (வாசகர், சென்னை)

ப: 2024-இல் ஜப்பானில் பிறப்பைவிட இறப்பு 9 லட்சத்துக்கும் மேல் அதிகம். அதே ஆண்டில் அங்கு வாழும் வெளிநாட்டவர் எண்ணிக்கை சாதனை அளவாகக் கூடியும், அந்தக் கூடுதல் 4 லட்சத்தைத் தொடவில்லை.

கே: நாளைக்கே கொரியப் பெண்கள் ஆளுக்கு இரண்டு பெறத் தொடங்கினால் பழைய நிலை வருமா? (வாசகர், மதுரை)

ப: வராது. 2053-இல் 30 வயதாகப் போகும் கொரியப் பெண்கள் 2023-லேயே பிறந்துவிட்டார்கள். அந்த ஆண்டின் மொத்தப் பிறப்பு 2.3 லட்சம், அதில் பெண் குழந்தை சுமார் 1.12 லட்சம். அவர்கள் ஆளுக்கு 2.1 பெற்றாலும் 2.35 லட்சம்தான் வரும். 1970-இல் அந்த நாட்டில் ஒரே ஆண்டில் 10 லட்சம் பிறந்தது. 2024-இன் 0.75 அப்படியே நீடித்தால் அந்த 1.12 லட்சம் பெண்களுக்குப் பிறப்பது 84 ஆயிரம். அவர்களில் பெண் குழந்தைகள் 41 ஆயிரம்.